அணுக்கருவின் வலமும் இடமும்

கோயிலில் ஊதும் சங்குகளுள் ஏறக்குறைய யாவும் ஒரே பக்கமாகப் புரி கொண்டவை. எதிர்ப்பக்கமாகச் சுற்றியது அரிதாகக் கிடைப்பின், அதனை வலம்புரியெனப் போற்றுகிறோம். விலங்கியலாரோ அதனையே இடம்புரி என்பர்! அவர்கள் சங்கைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பதே காரணம். எப்படிப் பிடிப்பினும், ஒன்றைத் திருப்பி மற்றதாக்குதல் இயலாது. கண்ணாடியில் தெரியும் உருவமே அதன் இணை.

அணுக்கருவுக்கும் இத்தன்மை உண்டோவென்று, மட்டக்களப்பு வாவிக்கரையில் மாலையுலாவின்போது என் மாணவனொருவன் கேட்டான். கையில் கருக்களின் பட்டியலொன்றும் வைத்திருந்தான். உண்டாகலாமென 1997இல் கணித்துரைத்தவர்கள் பிரவுண்டோர்ப், மெங் என்னும் அறிஞர் இருவர்.

மாங்கொட்டையொன்றை எடுத்துப் பாருங்கள். நீளம், அகலம், தடிப்பு மூன்றும் வேறு. சில கருக்களின் வடிவம் இத்தகையது. அவ்வடிவத்தில் வலமிடம் இல்லை. ஆயின் சுழலும்போது, தனித்த புரோத்தனொன்றின் கோண உந்தம் குறுகிய அச்சின் வழியும், நியூத்திரன் வரிசையிலுள்ள வெற்றிடமொன்றினது நெடிய அச்சின் வழியும், எஞ்சிய கருவினது இடைப்பட்ட அச்சின் வழியும் நிற்கக்கூடும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நீட்டுங்கள். வலக்கையின் அமைப்பு இடக்கைக்கு வாராது. சங்கின் புரி ஓட்டிலே உறைந்தது. கருவின் புரியோ சுழற்சியிலே பிறந்து சுழற்சியோடே மறைவது.

கருவை யார் கையிலெடுத்துப் பார்ப்பது? அது வெளிவிடும் காமாக் கதிர்களே சான்று. வலமும் இடமும் உண்டாயின், ஏறக்குறைய ஒரே சத்தியுடைய இரு படிவரிசைகள் தோன்றவேண்டும். 2001இல் சீசியம்-130, இலந்தனம்-132 முதலியவற்றில் அவை இருப்பதாக அறிவிக்கப்பட்டது. பிரசியோடைமியம்-134இல் இரு வரிசைகளும் ஒன்றையொன்று தொட்டேவிட்டன. இதனினும் சான்று வேண்டுமோ என்று தோன்றியது.

முகம் ஒத்தவரெல்லாம் இரட்டையராவரோ? உண்மை இணையாயின், கதிர்விடும் வலிமையும் ஒத்திருத்தல் வேண்டும். அதனை அறிய அந்நிலைகளின் ஆயுளை அளக்கவேண்டும். அதுவோ செக்கனின் இலட்சங்கோடியிலொரு பங்கு என்னும் அளவினது. 2006இல் அளந்தபோது பிரசியோடைமியம்-134 தவறிற்று. அதே ஆண்டில் சீசியம்-128 தேறிற்று. 2014இல், மும்பையில் இந்தியத் தேசியக் காமா அணியென்னும் உணர்கருவித் தொகுதியைக் கொண்டு அளந்தவர்கள், வெள்ளி-106இன் இரு வரிசைகளும் ஆடிப் பிம்பங்களல்ல, வெவ்வேறு துகளமைப்பால் எழுந்தவை என முடிவு செய்தனர்.

மாணவனின் பட்டியலில் வெள்ளியும் இருந்தது. வாவிக்கரையிலேயே அதற்குக் குறுக்காகக் கோடிட்டான்.