பத்துமலை வௌவாலிடம் பூக்காலம் கேளுங்கள்

தைப்பூசம் முடிந்து வெயில் கொளுத்தத் தொடங்கியதும், கோலாலம்பூர் சாலையோரங்களில் தெக்கோமா மரங்கள் இலைகளை உதிர்த்துவிட்டு இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வாரம் முழுவதும் புலனத்தில் அதே படங்கள்தான். 'நம் ஊர் சக்குரா' என்று எழுதி அனுப்புவார்கள். காரை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிப் படம் எடுப்பார்கள். சில நாளில் பூ கொட்டிவிடும், பேச்சும் நின்றுவிடும்.

மாணவர்களே, பூ பார்க்கப் போவதைக் குறை சொல்ல நான் வரவில்லை. போக வேண்டும் என்றுதான் சொல்கிறேன். ஆனால், பூத்ததைப் பார்க்கிறோமே தவிர, அது ஏன் அப்போது பூத்தது, அதைத் தேடி யார் வருகிறார்கள் என்று கேட்கிறோமா? இந்த இரண்டு கேள்விகளும் இல்லாத பூச்சுற்றுலா பாதிச் சுற்றுலாதான் என்பது என் கருத்து. இரண்டுக்கும் விடை தெரிந்த ஒரு பயணி கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது. அதன் வீடு பத்துமலைக் குகை.

நாள்காட்டியில் இல்லாத பூக்காலம்

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஜப்பானில் குளிர்காலம் போய் வெயில் ஏறும்போது சக்குரா பூக்கிறது. மூணாற்று மலையில் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிறது. 2018-இல் பூத்தது, இனி 2030-இல் பூக்க வேண்டும். அங்கெல்லாம் தேதி பார்த்து விமானச்சீட்டு வாங்கலாம். நாம் இருப்பதோ நிலநடுக்கோட்டிலிருந்து மூன்று பாகை வடக்கே. இங்கு ஆண்டு முழுவதும் பகல் நேரம் ஏறக்குறைய ஒரே அளவுதான். குளிர்காலமும் இல்லை, வசந்தமும் இல்லை. நம் செடிகளுக்கு அடையாளம் காட்டுவது பெரும்பாலும் மழைதான்: மழை நின்றுபோவதும், திடீரென்று கொட்டுவதும்.

தெக்கோமா சில வாரங்கள் வறண்ட பிறகு பூக்கிறது. அது நம் நாட்டு மரமன்று. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து கொண்டுவந்து நட்டது. நம் சொந்தக் காட்டுப்பூ ஒன்று இதைவிட வியப்பானது. சாலையோரத்துப் பழைய மழைமரங்களின் கிளைகளில் ஒட்டி வளரும் புறா ஆர்க்கிட்டைச் சொல்கிறேன். மலாயில் 'அங்கிரிக் மெர்பாத்தி' என்பார்கள். அதன் மொட்டுகள் ஓரளவு வளர்ந்ததும் அப்படியே உறங்கிவிடும். ஒரு பிற்பகலில் இடியுடன் பெருமழை பெய்து வெப்பநிலை சட்டென்று இறங்கினால், அன்றே விழித்துக்கொள்ளும். ஒன்பதாம் நாள் காலை வட்டாரம் முழுவதும் ஒரே நேரத்தில் வெள்ளை வெளேரென்று மலர்ந்து மணக்கும். மாலைக்குள் வாடிவிடும்.

ஏன் எல்லாம் ஒரே நாளில்? பூவின் ஆயுள் ஒரே நாள். தேனீ ஒரு செடியின் மகரந்தத்தை எடுத்துப்போகும்போது மற்றச் செடியும் பூத்திருந்தால்தான் பயன் உண்டு. இதற்கு நாள் குறித்துக் கொடுப்பது மழை. அடுத்த முறை பெருமழை பெய்தால் தேதியைக் குறித்துவையுங்கள். ஒன்பதாம் நாள் காலை பள்ளிக்குப் போகும் வழியில் மரக்கிளைகளை அண்ணாந்து பாருங்கள்.

38 கிலோமீட்டர் பறக்கும் பயணி

இனி இரண்டாவது கேள்வி: பூவைத் தேடி யார் வருகிறார்கள்?

பத்துமலையின் 272 படிகளை ஏறாத மலேசியத் தமிழர் குறைவு. நாம் படியேறும் அதே சுண்ணாம்புக் குன்றின் இருண்ட குகைகளில் தேன் உண்ணும் வௌவால்கள் வாழ்கின்றன. ஒன்றின் எடை ஏறக்குறைய ஒரு கோழிமுட்டை அளவுதான். நீண்ட நாக்கு உண்டு. பொழுது சாய்ந்ததும் கூட்டமாக வெளியேறிப் பூக்களைத் தேடிப் போகும்.

எங்கே போகின்றன? 1970-களில் ஆய்வாளர்கள் இதை எளிய முறையில் கண்டுபிடித்தார்கள். குகையில் வௌவால்கள் தொங்கும் இடத்துக்குக் கீழே விழுந்த எச்சத்தைச் சேகரித்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அதில் மகரந்தத் தூள் இருந்தது. ஒவ்வொரு தாவரத்தின் மகரந்தமும் தனித்த வடிவம் கொண்டது. ஆகவே எந்தப் பூவில் விருந்து நடந்தது என்பதைச் சொல்லிவிடலாம். டுரியான் இருந்தது, பெத்தாய் இருந்தது. கூடவே கடலோரச் சதுப்புநிலக் காட்டில் மட்டுமே வளரும் பெரெம்பாங் இன மரங்களின் மகரந்தமும் இருந்தது. அந்தக் காடு பத்துமலைக்கு அருகில் இல்லை. ஏறத்தாழ 38 கிலோமீட்டர் தூரம்வரை இந்த வௌவால்கள் இரவில் பறந்து போய்த் தேன் குடித்துவிட்டுத் திரும்புகின்றன என்பது அப்படித்தான் தெரிய வந்தது.

இதில் நம் வீட்டுக் கணக்கும் ஒன்று இருக்கிறது. டுரியான் மரம் ஆண்டில் சில வாரங்கள்தான் பூக்கும். அதன் பூ பிற்பகலில் விரியத் தொடங்கி, விடிவதற்குள் இதழ்களையும் மகரந்தத் தாள்களையும் உதிர்த்துவிடும். பெரும்பாலான டுரியான் வகைகளுக்கு வேறொரு மரத்தின் மகரந்தம் வந்தால்தான் நன்றாகக் காய்க்கும். அந்த இரவு வேலையைச் செய்பவர்களில் முக்கியமானது வௌவால்.

ஆனால் அது சில வாரம் டுரியான் தேனைக் குடித்துவிட்டு மற்ற மாதங்களில் பட்டினி கிடக்க முடியுமா? அப்போது அதற்குச் சோறு போடுவது சதுப்புநிலக் காடு. பெரெம்பாங் இன மரங்கள் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் பூக்கும். அவற்றின் பூவும் மாலையில் விரிந்து காலையில் உதிர்வதுதான். கடலோரக் காட்டை அழித்தால் வௌவால் குறையும். வௌவால் குறைந்தால் மலையடிவாரத் தோட்டத்தில் டுரியான் காய்ப்பது குறையும். குகை, பழத்தோட்டம், கடலோரக் காடு ஆகிய மூன்றும் வரைபடத்தில் வெவ்வேறு இடங்கள். வௌவாலுக்கு மூன்றும் ஒரே வீட்டின் அறைகள்.

பயப்பட வேண்டாமா?

"வௌவால் நோய் பரப்புமே?" என்று உங்கள் வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1998, 1999-ஆம் ஆண்டுகளில் நிப்பா கிருமி நம் நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அந்தக் கிருமியைச் சுமந்தவை பழம் தின்னும் பெரிய வௌவால்கள். பன்றிக் கொட்டகைகளை ஒட்டியே பழமரங்கள் நின்றதால், வௌவால் கடித்துப் போட்ட பழங்கள் வழியே கிருமி முதலில் பன்றிகளுக்கும், பின்னர் மனிதர்களுக்கும் போனதாக அறிவியலாளர்கள் கருதுகிறார்கள். இதிலிருந்து கற்க வேண்டியது, விலங்குக்கும் நமக்கும் இடையே இடைவெளி வேண்டும் என்பது. வௌவாலைத் தொடாதீர்கள், அது தங்கும் குகைக்குள் அனுமதியின்றி நுழையாதீர்கள். காட்டை அழித்து அதை நம் கூரைக்குத் துரத்துவது அந்த இடைவெளியைக் குறைக்கும் வேலை.

வௌவால் பூவை நாசம் செய்கிறது என்று நினைக்கும் தோட்டக்காரர்களும் உண்டு. தியோமான் தீவில் டாக்டர் ஷீமா அப்துல் அஸீஸ் தலைமையிலான குழு டுரியான் மரங்களில் தானியங்கிக் கேமராக்களைப் பொருத்திப் பார்த்தது. அங்குள்ள பெரிய வௌவால்கள் தேனைக் குடித்தபோது பூக்களைச் சிதைக்கவில்லை என்றும், மகரந்தச் சேர்க்கைக்கு அவை உதவுகின்றன என்றும் 2017-இல் அந்தக் குழு வெளியிட்டது. கண்ணால் பாராமல் பழி சுமத்தக்கூடாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

வௌவால் போகும் திசையில் ஒரு பயணம்

பள்ளிகளுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். அறிவியல் கழகத்தின் அடுத்த சுற்றுலா பேரங்காடிக்கோ கேளிக்கைப் பூங்காவுக்கோ வேண்டாம். பத்துமலையில் கொமுட்டர் ரயில் ஏறுங்கள். பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கேஎல் சென்ட்ரலில் மாறி, கிள்ளான் வழியாகப் பெலாபுவான் கிள்ளானுக்குப் போங்கள். வௌவால் நேராகப் பறக்கிறது. நாம் வளைந்து போகிறோம், அவ்வளவுதான். தண்டவாள ஓரத்தில் தொட்டாற்சுருங்கியின் ஊதாப் பந்துகளைத் தேடுங்கள். அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறியதுதான். அருகிலேயே நம் நாட்டுச் செண்டுடுக் செடி பூத்திருக்கிறதா என்று பாருங்கள். எது வந்தேறி, எது இந்த மண்ணுக்கு உரியது என்று பிரித்து எழுதுங்கள். கடைசி நிலையத்துக்கு அருகிலுள்ள படகுத்துறையிலிருந்து கெத்தாம் தீவுக்குப் படகு போகிறது. வழியில் சதுப்புநிலக் காடு வரும்.

பகலில் பெரெம்பாங் பூ கண்ணில் படாது, அது இரவுப்பூ. அதற்கும் வழி உண்டு. கோலசிலாங்கூர் கம்போங் குவாந்தானில் இரவில் மின்மினிகளைப் பார்க்கப் படகில் போகிறார்களே, அவை மின்னுவதும் பெரெம்பாங் மரங்களில்தான். குடும்பத்தோடு போகும்போது மின்மினியை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். அந்த மரத்தையும் பாருங்கள்.

ஒரு சிறு குறிப்பேடு போதும். மழை பெய்த நாள், வறண்ட நாள்கள், எந்தப் பூ எப்போது பூத்தது, அதில் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்று எழுதிவாருங்கள். மழையின் போக்கு மாறிவரும் இக்காலத்தில், ஒரே இடத்தில் தொடர்ந்து எழுதிய ஐந்தாண்டுக் குறிப்பு வெறும் விளையாட்டல்ல. அறிவியலுக்குப் பயன்படும் தரவு. முதல் படிவத்தில் தொடங்கினால், எஸ்.பி.எம். எழுதும் ஆண்டில் அது உங்கள் கையில் இருக்கும்.

டுரியான் காலம் வரும். பழத்தைப் பிளந்து சுளையை வாயில் போடும்போது, இந்தப் பூவைத் தேடி இரவில் வந்தது யார் என்று கூட இருப்பவர்களிடம் கேளுங்கள். தெரியாது என்று சொன்னால், பத்துமலை இருக்கும் திசையைக் காட்டுங்கள்.