மடுல்சீமை மலையில் ஓடும் ஆட்டோக்கள் யாருடையவை?

தைப்பொங்கல் கழிந்த மறுவாரம் மடுல்சீமைக்குப் போயிருந்தேன். என் அப்பா பிறந்த லயம் அங்குதான் இருக்கிறது. 1977 கலவரத்தின் பின்னர் அவர் கிளிநொச்சிக்கு வந்து குடியேறினார். அம்மாவின் அண்ணன் குடும்பம் தோட்டத்திலேயே தங்கிவிட்டது. நான் போகும்போதெல்லாம் மாமாவின் மகன் பசறை டவுனில் ஆட்டோவுடன் காத்திருப்பான். இம்முறையும் காத்திருந்தான். பெட்டியைப் பின்னால் வைத்தவன் சுகம் கூட விசாரிக்கவில்லை. “மச்சான், இந்த வண்டி இன்னும் எத்தன நாளைக்குன்னு தெரியல. வித்துறலாமான்னு பாக்குறேன்” என்றான்.

அவனுடையது பதினைந்து வருடத்துக்கு மேல் ஓடிய பஜாஜ். அவனுக்கு அது மூன்றாவது கை. விற்றுவிட்டு என்ன செய்வாய் என்று கேட்டேன். பதில் இல்லை. அடுத்த இரண்டு நாட்களும் மடுல்சீமை தரிப்பிடத்திலும் டிவிசன் பாதைகளிலும் ஆட்டோ வைத்திருப்பவர்களிடம் பேசியதில், ஏறக்குறைய எல்லோரிடமும் இதே கேள்வி இருந்தது. பழைய வண்டியை வைத்துக்கொள்வதா, புதிது வாங்குவதா, மின்சார வண்டி வரும்வரை காத்திருப்பதா?

மலையகத் தோட்டமொன்றில் ஆட்டோ என்பது என்னவென்று சமவெளியில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொழும்பில் அது அவசரத்துக்கு ஏறும் வாகனம். இங்கே பஸ் பெரிய பாதையோடு நின்றுவிடும். அங்கிருந்து லயத்துக்குப் போவது கல்லும் பள்ளமுமான தோட்டப் பாதை. அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், மழைநாளில் பாடசாலைப் பிள்ளைகள், நள்ளிரவில் வலி எடுத்த பெண் எல்லோரும் எல்லாமும் ஆட்டோவில்தான் போகவேண்டும். 1990 அம்புலன்ஸ் சேவை நல்ல சேவைதான். ஆனால் அது வந்து சேரும் இடம்வரைக்கும் நோயாளியைக் கொண்டுபோவது யார்? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைச் சிதைத்தபோது, பாதை அறுந்த இடங்களில் இரு பக்கமும் ஆட்டோக்கள் நின்று, நடுவில் மண்சரிவின் மேல் நடந்து வந்தவர்களை மாற்றி ஏற்றியதாகச் சொன்னார்கள். இந்த மலையில் அரசாங்கம் செய்யவேண்டிய பொதுப் போக்குவரத்தின் கடைசி மூன்று நான்கு கிலோமீற்றரை, கடன்பட்டு வண்டி வாங்கிய தொழிலாளியின் மகன்தான் செய்துகொண்டிருக்கிறான்.

ஆனால் ஆட்டோ பற்றிய தீர்மானங்கள் எல்லாம் கொழும்பின் வாகன நெரிசலைப் பார்த்தே எடுக்கப்பட்டு வந்திருக்கின்றன. 2008 இல் டூ ஸ்ட்ரோக் ஆட்டோக்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. காரணம் புகை, அது நியாயமான காரணம். 2018 அளவில், வாடகைக்கு ஆட்டோ ஓட்ட 35 வயதாகியிருக்க வேண்டும் என்றொரு யோசனை வந்தது. இளைஞர்கள் வேறு தொழிலுக்குப் போகட்டும் என்பது அதன் எண்ணம். தோட்டத்தில் பெயர் பதிய விரும்பாத, கொழும்பில் கடையில் நின்று சலித்துத் திரும்பிய இருபத்தைந்து வயதுக்காரன் போகும் அந்த வேறு தொழில் எது என்று யாரும் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. அந்நியச் செலாவணி இல்லாத நாட்டில் அதையும் புரிந்துகொள்ளலாம். ஆனால் புதிய வண்டி வராத ஐந்து வருடங்களில் பத்து வருடம் ஓடிய ஆட்டோ, 2019 இல் புதிது விற்ற விலையைத் தாண்டிப் போனது. என் மாமா மகன் தன் வண்டியை வாங்கியது அந்த நேரத்தில்தான். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டதும் பழைய வண்டிகளின் பெறுமதி இறங்கத் தொடங்கியது. அவன் கடனோ அப்படியே இருக்கிறது.

புதிய ஆட்டோ ஒன்று இப்போது 20 இலட்சம் ரூபாயை ஒட்டி நிற்கிறது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2026 ஜனவரியில் இருந்து, அரசாங்கம் கொடுக்கும் 200 ரூபாய் வரவுக் கொடுப்பனவையும் சேர்த்து, 1,750 ரூபாய். மாதம் 25 நாள் முழுப்பேர் விழுந்தாலும் 43,750. ஒரு சதம் செலவழிக்காமல் சேர்த்தால் கிட்டத்தட்ட நான்கு வருடம். முச்சக்கர வண்டியின் பெறுமதியில் பாதிக்கு மேல் லீசிங் கொடுக்க மத்திய வங்கியின் விதி இடம்தருவதில்லை. ஆகவே, கையில் பத்து இலட்சமாவது இருக்கவேண்டும். லயத்தில் பத்து இலட்சம் ரூபாய் ரொக்கமாக வைத்திருப்பவர் ஆட்டோ ஓட்ட வரமாட்டார்.

தரிப்பிடத்தில் ஒரு பெரியவர் இருந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். அவரிடம் இருப்பது டூ ஸ்ட்ரோக், கையால் லீவரை இழுத்து ஸ்டார்ட் செய்யும் பழைய ரகம். மற்றவர்களின் பேச்சைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, இத நானே கழட்டுவேன், நானே பூட்டுவேன். பாஸ்கிட்ட போறதே இல்ல. ஒங்க புது வண்டி நின்னா பதுளைக்கு கட்டி இழுக்கணும்.”

புகைப் பரிசோதனையில் எப்படித் தேறுகிறது என்று கேட்டேன். “அது ஒரு நாள் கதைதானே” என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. ஆனால் அவருடைய நம்பிக்கைக்கு ஒரு எல்லை இருக்கிறது. பிஸ்டனும் ரிங்கும் இப்போதைக்குக் கிடைக்கின்றன. பெட்டி, சட்டம் எல்லாம் ஒரு வண்டியை உடைத்து இன்னொரு வண்டிக்குப் போடுவதுதான். உடைப்பதற்கு வண்டி இல்லாத நாள் வரும். இன்னொன்றும் உண்டு. பெற்றோலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் எஞ்ஜினை நிறுத்தி வண்டியை உருளவிடும் பழக்கம் இந்தப் பக்கத்தில் பலரிடம் இருக்கிறது. எஞ்ஜினின் பிடிப்பு இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி வளைவில் இறங்குகிறார்கள். 2021 மார்ச்சில் பசறை 13 ஆம் கட்டைக்கருகில் பஸ் பள்ளத்தில் விழுந்து குறைந்தது 14 பேர் இறந்த பாதையின் பக்கத்தில் வாழ்கிறவர்கள் இவர்கள். பழைய வண்டியைக் காப்பாற்றுவது பற்றிப் பேசும்போது இதையும் பேசியே ஆகவேண்டும் என்பது என் எண்ணம். பெரியவருக்கு அது பிடிக்கவில்லை.

கொழும்பில் வாகன சேர்விஸ் நிலையம் ஒன்றில் வேலைசெய்து திரும்பிய இளைஞன் ஒருவன் குறுக்கிட்டான். “அங்க ரெண்டு கதவு ஹொண்டா கார் வச்சிருக்கிற ஐயாமாரும் இதே கேள்வியத்தான் கேப்பாங்க அண்ணே, இன்னும் எத்தன வருசம் ஓடும்னு.” அவன் சொன்னது ஹொண்டா சீ.ஆர்.-இசட் என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் கார். 2010 இல் வந்தது. ஹைபிரிட் வாகனங்களுக்கு இங்கே வரிச் சலுகை இருந்த காலத்தில் கொழும்பு வீதிகளில் பரவலாகத் தெரிந்தது. விற்பனை போதாமல் 2016 இல் ஹொண்டா அதன் தயாரிப்பை முடித்துக்கொண்டது. அதற்கு அடுத்த மொடலும் வரவில்லை. பற்றரி போனால் மாற்றுவதா, அப்படியே விற்பதா என்று உரிமையாளர்கள் யோசிக்கிறார்களாம். அதுவும் கவலைதான், ஆசைப்பட்டு வாங்கிய பொருள் அல்லவா. ஆனால் அந்தக் கார் நின்றுபோனால் அதன் சொந்தக்காரர் வேறொரு வாகனத்தில் ஏறுவார். மடுல்சீமையில் ஒரு டிவிசனில் இரண்டு ஆட்டோ நின்றால் அந்த டிவிசனே நடக்கவேண்டியதுதான்.

அந்த இளைஞன் மின்சார ஆட்டோவின் பக்கம். அவன் சொல்வதில் விஷயம் இருக்கிறது. மின்மோட்டார் சுழலத் தொடங்கும்போதே முழு இழுவையையும் தரும். ஏற்றத்தில் கியரைத் தேடித் திணறவேண்டியதில்லை. இறங்கும்போது மோட்டாரே பிரேக்காகிச் செலவழித்த மின்சாரத்தில் ஒரு பங்கைப் பற்றரிக்குத் திருப்பும். எஞ்ஜினை நிறுத்தி உருளவிடும் ஆபத்தான பழக்கத்துக்குத் தேவையே இல்லாமல் போகும். ஏற்றத்தில் பற்றரி வேகமாக இறங்கும் என்பது உண்மை. மூன்று பேரும் ஒரு மூட்டை அரிசியுமாக ஏறினால் விளம்பரத்தில் சொல்லும் தூரம் கிடைக்காது. ஆனாலும் இங்கே ஒரு ஆட்டோ ஒரு நாளில் ஓடும் தூரம் கொழும்பு ஆட்டோவைப்போல் அல்ல. பெரும்பாலான நேரம் தரிப்பிடத்தில்தான் நிற்கிறது.

அப்படியானால் தடை என்ன? முதலாவது, லயத்தின் வயரிங். பத்துக் காம்பராவுக்கு எப்போதோ இழுத்த மெல்லிய வயரில் ஒரு ஆட்டோவை இரவு முழுக்க சார்ஜ் செய்ய விட்டால் என்ன நடக்கும் என்று யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. லயத்தில் தீப்பிடித்தால் ஒரு வீட்டோடு அது நிற்பதில்லை. இரண்டாவது தடையைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். அது பெயர்.

நான் பேசியவர்களில் பாதிக்கு மேல் சட்டப்படி தங்கள் வண்டியின் உரிமையாளர்கள் அல்ல. லீசிங் எடுக்க நிரந்தர முகவரியும் பிணைகாரரும் வேண்டும். லயக் காம்பரா தோட்டக் கம்பனியின் கையில் இருக்கிறது. 7 பேர்ச் காணி கிடைத்த குடும்பங்கள் கொஞ்சம். அதற்கும் உறுதி கையில் உள்ளவர்கள் இன்னும் கொஞ்சம். அதனால் டவுனில் கடை வைத்திருப்பவர் பெயரில் வண்டியை எடுத்து, தவணையை இவர்கள் கட்டுவார்கள். இல்லையென்றால் ஓபன் பேப்பர். அதாவது முதல் சொந்தக்காரர் கையெழுத்து வைத்துக் கொடுத்த மாற்றுப் பத்திரம் தேதி போடாமல் கைமாறிக்கொண்டே போகும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் புத்தகத்தில் எப்போதோ விற்றுவிட்டுப் போன ஒருவரே இன்னும் உரிமையாளர்.

இது 2022 இல் வெளியே வந்தது. அந்த ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவித்தார்கள். ஆட்டோ அத்தியாவசியத்தில் சேரவில்லை. பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். பிறகு கியூ.ஆர். முறை வந்து ஆட்டோவுக்கு வாரத்துக்கு ஐந்து லீற்றர் தந்தது. பதிவுக்கு அடையாள அட்டையும் செசி இலக்கமும் வேண்டும். என் மாமா மகன் பதியப் போனபோது அவனுடைய வண்டி ஏற்கெனவே வேறொருவர் பெயரில் பதியப்பட்டிருந்தது. யாரோ ஒருவர் எங்கோ இருந்துகொண்டு அவனுடைய ஐந்து லீற்றரை அடித்துக்கொண்டிருந்தார். அதைச் சரிசெய்ய அவன் ஆறு முறை பதுளைக்குப் பஸ்ஸில் போய்வந்தான். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் உழைப்புப் போனது.

எங்களுக்கு இந்தக் கதையின் ஒரு பாதி தெரியும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்து ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. வன்னியில் மோட்டார் சைக்கிளின் காபரேற்றருக்குள் இரண்டு துளி பெற்றோல் விட்டு உதைத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். வாகனம் நிற்கக்கூடாது என்பதற்காக மனிதர் என்னவெல்லாம் செய்வார்கள் என்பதை நாங்கள் கற்றது அப்படித்தான். 2009 க்குப் பிறகு இடம்பெயர்ந்து திரும்பியபோது, கைவிட்டு வந்த வாகனத்தைக் கேட்டுப் போனவர்களிடம் புத்தகம் எங்கே என்று கேட்டார்கள். புத்தகம் பதுங்குகுழியில் போனது. மடுல்சீமையில் குண்டு விழவில்லை. ஆனால் கையில் இருக்கும் பொருளுக்குக் காகிதத்தில் உரிமை இல்லாத நிலை அங்கும் இருக்கிறது.

மின்சார மாற்றத்தில் இது நேரடியாக இடிக்கிறது. பெற்றோல் ஆட்டோக்களின் எஞ்ஜினைக் கழற்றி மோட்டாரும் பற்றரியும் பொருத்தும் முன்னோடித் திட்டம் ஒன்று ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தின் உதவியோடு மேல் மாகாணத்தில் நடந்தது. புதிதாக வாங்குவதைவிட இது மலிவு என்பதால் தோட்டப்புறத்துக்குப் பொருந்தும் வழி இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் பெற்றோல் வண்டி மின்சார வண்டியாவதைப் பதிவுச் சான்றிதழில் திருத்தவேண்டும். திருத்தத்துக்குப் பதிவான உரிமையாளர் கையெழுத்து வைக்கவேண்டும். மானியம் வந்தாலும் கடன் வந்தாலும் அதே கையெழுத்துத்தான். ஆக, திட்டம் நாளைக்கே ஊவாவுக்கு வந்தாலும் மடுல்சீமை தரிப்பிடத்தில் பாதிப் பேர் வரிசையில் நிற்கவே முடியாது. கைமாறிய வண்டிகளைத் தண்டப்பணமின்றிப் பெயர் மாற்ற ஒரு காலக்கெடு கொடுத்து, அதைப் பதுளையில் அல்லாமல் பசறையிலும் லுணுகலையிலும் நடமாடும் சேவையாகச் செய்யலாம். பெரிய செலவில்லாத வேலை. மலையகப் பிரதிநிதிகள் சம்பளத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், பேசட்டும், வேண்டியதுதான். இதையும் ஒருநாள் கேட்கலாம்.

கடைசி இரவு மாமா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, வண்டியை விற்கும் பேச்சு மறுபடி வந்தது. அவனுடைய மனைவி கொழுந்து பறிப்பவர். தவணை அவருடைய சம்பளத்தில்தான் போகிறது. அதுவரை பேசாமல் இருந்தவர், பிள்ளைக்குச் சோறு பிசைந்துகொண்டே சொன்னார்.

“விக்கிறதுக்கு அது நம்ம பேர்லயா இருக்கு? அவரு பேர்லயும் இல்ல, ஏன் பேர்லயும் இல்ல. கட்டுற காசு மட்டுந்தான் நம்மளுது.”

அவன் ஒன்றும் சொல்லவில்லை. விடியற்காலையில் என்னைப் பசறையில் இறக்கிவிடப் புறப்பட்டோம். பனி இறங்கியிருந்தது. இரண்டாவது வளைவில் ஒரு அம்மா காய்ச்சலோடிருந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கையைக் காட்டினார். நான் உள்ளே நகர்ந்து இடம்விட்டேன்.