ஆயாக் கொட்டகையும் மொண்டிசோரியும்

"இடம் போதவில்லை, பக்கத்து வீட்டையும் வாடகைக்கு எடுத்துவிடலாமா?" சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய் பக்கம் வரிசை வீட்டில் சின்னதாக மொண்டிசோரி பள்ளி நடத்துகிறவர்களுக்கு இந்தக் கேள்வி ஒரு நாள் வந்தே தீரும். பிள்ளைகள் பெருகுவது நல்ல செய்திதான். ஆனால் சுவரை இடிப்பதற்கு முன், விரிவாக்கம் யாருக்காக என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மொண்டிசோரி என்றாலே வசதியானவர்கள் பள்ளி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது பிறந்த இடம் வேறு. 1907 ஜனவரி 6, ரோம் நகரின் சான் லோரென்சோ. தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த அடுக்குமாடிக் குடியிருப்பு. பெற்றோர் வேலைக்குப் போனதும் பிள்ளைகள் படிக்கட்டில் ஓடி, சுவரைப் பாழாக்கினார்கள். கட்டட உரிமையாளர்கள் ஓர் அறையைக் கொடுத்து, மரியா மொண்டிசோரி என்ற மருத்துவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அந்த ஏப்ரலிலேயே அதே வட்டாரத்தில் இரண்டாவது வீடு திறந்தார்கள். முதல் விரிவாக்கமே தொழிலாளர் பிள்ளைகளுக்குத்தான்.

இதைப் படிக்கும்போது கெடா தோட்டத்துக்காரர்களுக்கு ஆயாக் கொட்டகை நினைவுக்கு வரும். விடியுமுன் அம்மா மரம் சீவப் போவார். பிள்ளை தொட்டிலில், ஆயா பொறுப்பில். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது லயங்களோடு கொட்டகையும் போனது. அந்தக் குடும்பங்களில் பல இன்று தாமான்களில். அம்மாவுக்கு ரப்பர் மரத்துக்குப் பதில் தொழிற்சாலை ஷிப்டு. பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்வி மட்டும் மாறவில்லை.

மொண்டிசோரி தமிழுக்கும் அந்நியமில்லை. 1939இல் அம்மையார் சென்னை அடையாறுக்கு வந்து, ஏறக்குறைய முந்நூறு பேருக்குப் பயிற்சி கொடுத்தார். போர் காரணமாக 1946 வரை இந்தியாவில் தங்கினார். கொடைக்கானலிலும் அவர் பணி தொடர்ந்தது.

சரி, திட்டத்துக்கு வருவோம். மொண்டிசோரி அறையில் மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் சேர்ந்திருப்பார்கள். பெரியதைப் பார்த்துச் சின்னது கற்கும். புது அறை கிடைத்ததும் 'நாலு வயது இங்கே, ஐந்து வயது அங்கே' என்று பிரித்தால், பெயர்ப்பலகை மட்டும்தான் மொண்டிசோரி. இரண்டாவது அறை எல்லா வயதும் சேர்ந்த முழு அறையாக இருக்கட்டும். அதற்கென்று தனிச் சாதனங்கள், பயிற்சி பெற்ற ஆசிரியை. ஆசிரியை கிடைத்த பிறகு வாடகை ஒப்பந்தம் போடுங்கள். முறை மாறினால் சிரமம்.

சட்டமும் கவனம். நான்கு வயதுக்குக் கீழே என்றால் 1984ஆம் ஆண்டு குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம், அதாவது தாஸ்கா. நான்கு முதல் ஆறு என்றால் 1996 கல்விச் சட்டம், அதாவது தாடிகா. மூன்று வயதுப் பிள்ளையையும் ஐந்து வயதுப் பிள்ளையையும் ஒரே அறையில் உட்கார வைக்க நினைக்கும் பள்ளி இரண்டு சட்டத்துக்கும் நடுவில் நிற்கிறது. சமூக நலத்துறையிடமும் கல்வி இலாகாவிடமும் முதலிலேயே கேளுங்கள். வீட்டைப் பள்ளியாக மாற்ற நகராண்மைக் கழகம், பொம்பா, சுகாதாரத் துறை ஒப்புதல்களும் வேண்டும். சுவரை இடித்த பிறகு போனால் செலவு இரட்டிப்பு.

பணத்தைக் குளிர்சாதனத்தில் போடுவதற்கு முன் பிள்ளை எட்டும் உயரத்தில் தண்ணீர்க் குழாய், தாழ்ந்த அலமாரி, பின்னால் கீரை விதைக்க ஒரு துண்டு மண் ஆகியவற்றைப் பாருங்கள். வரைபடத்தில் இன்னும் ஒன்றைச் சேருங்கள்: மாலை ஷிப்டு முடியும்வரை திறந்திருக்கும் ஓர் அறை, குறைந்த கட்டணத்தில் சில இடங்கள், அங்கே தமிழ் பேசும் ஓர் ஆசிரியை. ஐந்து இடங்களாக இருந்தாலும் போதும். காலை ஏழு மணிக்குத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறும் ஐந்து அம்மாக்கள் கவலையில்லாமல் வேலைக்குப் போவார்கள்.