கல்லூரியில் நடப்பது வீட்டிற்குத் தெரிய வேண்டாமா?

 

இம்மாதம் வந்த கடிதங்களுள் ஒன்று என் மேசையை விட்டு அகல மறுக்கிறது. கடற்கரையூர் ஒன்றிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் சவூதியில் பணியாற்றுகிறார். மகள் அருகிலுள்ள நகரத்தில் இளங்கலை அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் ஏழு நாட்கள் ஒரு கிராமத்தில் தங்கிப் பணியாற்றும் முகாமிற்குச் செல்ல அவள் அனுமதி கேட்டிருக்கிறாள். பாட்டனார் மறுத்துவிட்டார். “படிக்க அனுப்பினோமா, ஊரைக் கூட்டிப் பெருக்க அனுப்பினோமா?” என்பது அவர் கேள்வி. பேச்சு வளர்ந்து, “படித்த வரை போதும், நல்ல இடம் ஒன்று வந்திருக்கிறது, முடித்துவிடலாம்” என்னும் அளவிற்குப் போய்விட்டது. “மகள் மூன்று நாட்களாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கல்லூரிக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கு ஒன்றும் தெரியாது. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். யாரிடம் போய்க் கேட்பது?” என்று கடிதத்தை முடித்திருக்கிறார் அந்தச் சகோதரி.

முகாமைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அவருடைய கடைசி வரிக்குத்தான் முதலில் விடை கூற வேண்டும்.

நம் முன்னோர் கல்லூரிகளை எளிதாகக் கட்டிவிடவில்லை. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இலும், திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியும் சென்னை புதுக்கல்லூரியும் 1951இலும் தோன்றின. நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்களின் முயற்சியால் 1955இல் சென்னையில் மகளிர்க்கென ஒரு கல்லூரி எழுந்தது. அந்நாட்களில் ஒரு தெருவில் ஒருவர் கல்லூரிக்குப் போனால், அவர் என்ன படிக்கிறார், எப்போது தேர்வு எழுதுகிறார் என்பது தெரு முழுதும் தெரிந்திருக்கும். இன்று வீட்டிற்கு வீடு கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் காலையில் பேருந்து ஏறும் பிள்ளை மாலையில் வந்து இறங்கும் வரை இடையில் நடப்பது என்ன என்று கேட்டால் பெரும்பாலான பெற்றோர் விழிக்கிறார்கள். “ஃபீஸ் கட்டியாகிவிட்டது” என்பதோடு நம் பங்கு முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம்.

இதனால் விளையும் சங்கடங்களுள் வேடிக்கையான ஒன்றைச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமைக்கு ஒரு கால அட்டவணை, செவ்வாய்க்கு ஒன்று என்று இருக்கும். கலைக் கல்லூரிகள் பலவற்றில் அப்படி இல்லை. அங்கே ‘டே ஆர்டர்’ என்று ஒரு முறை உண்டு. முதல் நாள், இரண்டாம் நாள் என ஆறாம் நாள் வரை எண்ணிக்கொண்டு போவார்கள். இடையே விடுமுறை வந்தால் எண்ணிக்கை நின்று, மறு வேலை நாளில் விட்ட இடத்திலிருந்து தொடரும். எனவே சென்ற திங்கட்கிழமை முதல் நாளாக இருந்திருக்கும், இந்தத் திங்கட்கிழமை நான்காம் நாளாக இருக்கும். நான்காம் நாளில் ஆய்வுக்கூட வகுப்பு இருந்தால் பிள்ளை மாலை தாமதமாகத்தான் வருவாள். இதை அறியாத ஒரு காக்கா, “போன திங்கட்கிழமை இரண்டரை மணிக்கு வந்தாய், இந்தத் திங்கட்கிழமை ஐந்தரையா? எங்கே போயிருந்தாய்?” என்று தங்கையை நிற்க வைத்துக் கேட்ட வீடு எனக்குத் தெரியும். அவள் விளக்கியும் அவர் நம்பவில்லை. மறுநாள் கல்லூரி வாசலுக்கே வந்துவிட்டார். காவலாளிதான் அவருக்கு டே ஆர்டரை விளக்கினார்! அவர் சிரித்துக்கொண்டே போனார். தோழியர் முன்னிலையில் தலைகுனிந்து நின்ற அந்தப் பெண் சிரிக்கவில்லை.

ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கையேடு தருவார்கள். சிறிய புத்தகந்தான். மகனின் பையிலோ மகளின் அலமாரியிலோ கிடக்கும். எடுத்துப் பாருங்கள். வேலை நாட்கள் எவை, எந்தத் தேதி எத்தனையாவது நாள், உள்தேர்வு எப்போது, பருவத் தேர்வுக் கட்டணம் செலுத்தும் கடைசி நாள் எது, விடுப்பு எடுப்பது எப்படி என்பன எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த தாய்மார்கள், பிள்ளையையே பக்கத்தில் அமர்த்தி வாசித்துப் பொருள் சொல்லச் சொல்லலாம். அதில் குறைவு ஒன்றுமில்லை. வீட்டு நாட்காட்டியில் முக்கிய நாட்களைக் குறித்துக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும்.

வருகைப் பதிவைப் பற்றி மட்டும் சற்று விரித்துச் சொல்லியாக வேண்டும். பொதுவாக ஒரு பருவத்திற்கு 90 வேலை நாட்கள். தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். அதாவது 68 நாட்களாவது போயிருக்க வேண்டும், விடக்கூடியவை 22 நாட்கள். அதிகந்தானே என்று தோன்றும். இப்போது நம் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். சாச்சா மகளின் நிக்காஹிற்கு நான்கு நாட்கள். வாப்பா விடுமுறையில் வந்திறங்கினால், “போகட்டும், வாப்பாவோடு இருக்கட்டும்” என்று எட்டு நாட்கள். காய்ச்சல் ஐந்து நாட்கள். பெருநாளுக்கு முன்னும் பின்னுமாக மூன்று நாட்கள். நன்னியம்மாவிற்கு மருத்துவமனைத் துணைக்கு மூன்று நாட்கள். ஆக 23. பிள்ளை ஒரு நாளும் ஊர் சுற்றவில்லை. ஆயினும் ஹால் டிக்கெட் மறுக்கப்படும் நிலை வந்துவிட்டது! குறைவு சிறிதாயின் அபராதம் செலுத்திச் சரி செய்துகொள்ளப் பல பல்கலைக்கழகங்கள் இடமளிக்கின்றன. மிகவும் குறைந்தால் அப்பருவத் தேர்வையே எழுத முடியாது. பிள்ளைகளைக் கண்டிக்கும் முன், அந்த 22 நாட்களில் எத்தனையை நாம் செலவழித்தோம் என்று எண்ணிப் பார்ப்பதே நியாயம்.

இந்த இடத்தில் என் தவறொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். நான் கல்லூரி ஆசிரியனாக இருந்தபோது, வருகை குறைந்த மாணவர்களின் பெற்றோருக்கு அஞ்சலட்டை அனுப்பும் வழக்கம் இருந்தது. அடுக்கடுக்காக எழுதிக் கையெழுத்திடுவோம், கடமை முடிந்தது என்று இருப்போம். அவற்றுள் பாதி, தெருமுனையில் தபால்காரரை எதிர்கொண்டு நிற்கும் அதே மாணவர்களின் கைக்குத்தான் போகின்றன என்று எங்களுக்கும் தெரியும். ஒரு மாணவன் இரண்டாம் ஆண்டில் மூன்று மாதங்கள் வகுப்பிற்கே வரவில்லை. வீட்டிற்குத் தொலைபேசியில் பேசினேன். “நான் வாப்பாதான் பேசுகிறேன், பையனுக்கு உடம்பு சரியில்லை” என்று ஒரு கனத்த குரல் சொன்னது. நம்பினேன். அவன் வாப்பா அப்போது குவைத்தில் இருந்தார். பேசியவன் அவன் கூட்டாளி. அவனால் தேர்வு எழுத முடியாமற் போய் ஓராண்டு வீணாயிற்று. மறு ஆண்டு விடுமுறையில் வந்த தந்தை துறை அறையில் என் எதிரே உட்கார்ந்தார். கோபிக்கவில்லை. “சார், மாதாமாதம் தவறாமல் பணம் அனுப்பினேன். என் முகவரிக்கு ஒரு வரி எழுத உங்களுள் ஒருவருக்கும் தோன்றவில்லையா?” என்றார். அவருடைய குவைத் முகவரி சேர்க்கை விண்ணப்பத்தில் இருந்தது. நான்தான் புரட்டிப் பார்க்கவில்லை.

அஞ்சலட்டைக் காலம் போய்விட்டது. இன்று கல்லூரிகள் பலவும் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்புகின்றன. ஆனால் எந்த எண்ணிற்கு? விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பித் தந்த பிரௌசிங் சென்டர்க்காரர் அவசரத்தில் தம் எண்ணையே போட்டிருப்பார். அல்லது ‘பெற்றோர் கைப்பேசி’ என்னும் கட்டத்தில் பிள்ளை தன் எண்ணையே எழுதியிருப்பான். அல்லது வளைகுடாவிற்குப் போனபின் செயலிழந்துபோன வாப்பாவின் பழைய எண் அங்கே இருக்கும். “கல்லூரியிலிருந்து எங்களுக்கு ஒன்றும் வருவதில்லை” என்று குறைபடும் பெற்றோர், தம் எண் எது பதிவாகியிருக்கிறது என்று முதலில் கேட்டறியுங்கள். அலுவலகத்திற்கு நேரில் சென்று எழுத்து மூலம் கொடுத்தால் மாற்றித் தருவார்கள். தாயின் எண்ணைக் கொடுப்பதே நலம். அன்றாடம் பிள்ளையைப் பார்ப்பவர் அவர்தானே! வகுப்புப் பொறுப்பாசிரியரின் பெயரையும் அன்றே கேட்டு வாருங்கள்.

நோன்புக் காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ரமளான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னே நகர்கிறது. 2022இலும் 2023இலும் அது ஏப்ரலைத் தொட்டு வந்ததால், பருவத் தேர்வை ஒட்டிப் பிள்ளைகள் நோன்போடு படிக்க நேர்ந்தது. 2027இல் பிறையைப் பொறுத்துப் பிப்ரவரி இரண்டாம் வாரத்தையொட்டித் தொடங்கும். அது உள்தேர்வுகளும் விளையாட்டு விழாவும் கல்லூரி ஆண்டு விழாவும் நெருங்கிவரும் பருவம். ஓட்டப் பந்தயத்திலோ கலைப் போட்டியிலோ பிள்ளைகள் பெயர் கொடுத்திருந்தால் முன்கூட்டியே வீட்டில் பேசிக்கொள்ளலாம். ஸஹருக்கு எழுப்பும் நேரத்தில் அன்றைக்குத் தேர்வு என்று தெரியவருவது நல்லதன்று.

விடுதியில் பிள்ளையை விட்டிருப்போர்க்கு ஒரு சொல். 1996இல் சிதம்பரத்தில் மருத்துவம் பயின்ற நாவரசு என்னும் மாணவர் பகடிவதையின் கொடுமையால் உயிரிழந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதன்பின் 1997இல் தமிழ்நாட்டில் பகடிவதைத் தடைச் சட்டம் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகளின்படி மாணவர் மட்டுமல்லாமல் பெற்றோரும் உறுதிமொழி தர வேண்டும். சேர்க்கை நாளில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்திட்டோமே, அவற்றுள் அதுவும் ஒன்று. படித்துப் பார்த்தோமா? இரவும் பகலும் இயங்கும் 1800-180-5522 என்னும் எண்ணில் முறையிடலாம். பிள்ளை திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்டால், ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகத் தயங்கினால், அதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

இனி முகாமிற்கு வருவோம். நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24ஆம் நாள் தொடங்கப்பட்டது. அதில் சேரும் மாணவர் ஆண்டிற்கு 120 மணி நேரம் என இரண்டாண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாம் அதன் பகுதி. முகாமிற்குப் போகாவிட்டால் சான்றிதழ் கிடைக்காது. உங்கள் மகள் அடம் பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது.

நானும் சில ஆண்டுகள் அத்திட்டத்தின் அலுவலராக இருந்தேன். ஒரு முகாமில் மூன்றாம் நாள் அந்தி வேளையில் முன்னறிவிப்பின்றி ஒரு தந்தை வந்து நின்றார். கையில் ஒரு தூக்குச்சட்டி. மகளுக்குச் சோறு கொண்டுவந்ததாகச் சொன்னார். பார்த்துப் போக வந்தார் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். மாணவியர் தங்கியிருந்த பள்ளிக்கூடக் கட்டடத்தையும் உடன் தங்கியிருந்த ஆசிரியைகளையும் காட்டினேன். அவர் மகள் திண்ணையில் ஒரு மூதாட்டியின் விரலைப் பிடித்துப் பெயர் எழுதப் பழக்கிக்கொண்டிருந்தாள். தந்தை வந்ததைக் கவனிக்கவில்லை. அவரும் கூப்பிடவில்லை. தூணோரம் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, “நான் வந்ததாகச் சொல்ல வேண்டாம்” என்று தூக்குச்சட்டியை என்னிடம் தந்துவிட்டுப் போய்விட்டார். மறு ஆண்டு முகாமிற்கு அவர் வீட்டிலிருந்து ஒரு மூட்டை அரிசி வந்தது.

சகோதரியே! உங்கள் மாமனார் கேட்டதில் தவறில்லை. வயதுப் பெண்ணை ஏழு இரவுகள் வெளியில் விடுவதென்றால் எந்தப் பெரியவரும் கேட்கத்தான் செய்வார். ஆனால் அவருக்கு விடை கிடைக்கவில்லை. எந்த ஊர், தங்குமிடம் எது, உடன் தங்கும் ஆசிரியைகள் யார், தொழுகைக்கு இடம் உண்டா, இரவில் அவசரமென்றால் யாரை அழைப்பது என்று கேளுங்கள். மகளிடம் மட்டும் கேட்டால் சண்டையாகும். அவளையும் அழைத்துக்கொண்டு கல்லூரிக்குச் சென்று, திட்ட அலுவலரிடமே கேளுங்கள். ஐந்தாம் வகுப்பு என்று தயங்காதீர்கள். அங்கே உங்கள் வகுப்பை யாரும் கேட்கப் போவதில்லை. முடிந்தால் மாமனாரையும் கூட்டிச் செல்லுங்கள். விடைகள் மனத்திற்கு ஒப்பவில்லையாயின் மறுத்துவிடும் உரிமை உங்களுக்கு உண்டு. அப்போது காரணத்தை மகளிடம் சொல்லி மறுக்கலாம்.

மற்றொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். அவள் கேட்டுவிட்டுப் போக நினைத்தாள். கேட்காமலே இருந்திருக்கலாம், பொய் சொல்லியிருக்கலாம். கேட்டதற்குக் கிடைத்தது படிப்பை நிறுத்தும் பேச்சு. இனி அடுத்த செய்தியை அவள் வீட்டில் சொல்வாளா? கல்விச் சுற்றுலா, கருத்தரங்கு, வேலைக்கான நேர்காணல் என்று மூன்றாம் ஆண்டில் இன்னும் பல வரும். சவூதியிலிருக்கும் அவள் வாப்பாவிடமும் இன்றே பேசுங்கள். மாப்பிள்ளை வீட்டார்க்கு விடை சொல்லப் பருவத் தேர்வு முடியும் வரை அவகாசம் கேட்டால் குற்றமாகாது.

முகாமிற்குப் போனாலும் போகாவிட்டாலும் நடந்ததை எழுதுங்கள். விடுதி உணவுக் கட்டணம் பற்றி வந்திருக்கும் மூன்று கடிதங்களை, இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் எடுத்துக்கொள்வேன்.