புதிரில்லா விளையாட்டின் பொருள்

கணனி விளையாட்டு என்றதும் முகஞ்சுளிக்கும் இலக்கியவாதிகளும், விளையாட்டில் அரசியல் எதற்கு என வினவும் இரசிகர்களும் ஒரு விடயத்தில் உடன்படுகின்றனர். விளையாட்டு வெறும் பொழுதுபோக்கே என்பது இருசாரார்க்கும் பொதுவான முடிபு. இம்முடிபினாற் புறக்கணிக்கப்பட்ட படைப்புக்களுள் 1985இல் வெளிவந்த 'எ மைன்ட் போரெவர் வொயேஜிங்' குறிப்பிடத்தக்கது.

அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து இன்போகொம் நிறுவனம் வெளியிட்ட இவ்விளையாட்டிற் படங்கள் இல்லை. எழுத்து மட்டுமே உண்டு. விளையாடுவோர் சொற்களைத் தட்டச்சுச் செய்தே கதையினுள் நடமாடுவர். இதனை ஆக்கிய ஸ்டீவ் மெரெற்ஸ்கி, 1984இல் டக்ளஸ் அடம்ஸுடன் இணைந்து ஆக்கிய நகைச்சுவை விளையாட்டினாற் பெருவெற்றி கண்டவர். இப்படைப்புக்கு றேகன் ஆட்சிமீது கொண்ட சினமே தூண்டுகோல் என்பதை அவர் மறைத்தவரல்லர்.

கதை 2031இல் தொடங்குகிறது. தன்னைப் பெறி சிம் எனும் மனிதனென்றே நம்பி வளர்ந்த, சிந்திக்கும் கணனியான பிறிசம் இதன் நாயகன். வரிகளைப் பாதியாக்குதல், தொழில்கள் மீதான கட்டுப்பாடுகளை நீக்குதல், கட்டாய இராணுவ சேவை, கல்வியில் மரபுவழி விழுமியங்களை வலியுறுத்தல் என்பன அடங்கிய திட்டமொன்றைச் செனற்றர் றைடர் முன்வைக்கிறார். அதன் விளைவுகளைக் கண்டறிய, றொக்வில் எனும் கற்பனை நகரின் எதிர்கால மாதிரியுட் பிறிசம் அனுப்பப்படுகிறது. 2041இல் எங்கும் வளம் தெரிகிறது. பின்னர் காவற்படையினர் வீடுபுகுந்து சோதனையிடுகின்றனர். 2061இல் மதநிறுவனத்தைச் சார்ந்துவிட்ட மகனே தாயைக் கைதுசெய்ய வருகிறான். 2081இல் நகரம் பாழாய்க் கிடக்கிறது.

இதன் பெரும்பகுதியிற் புதிர்கள் இல்லை. ஆதலின் இது விளையாட்டே அன்று என்பர் சிலர். இவ்வாதம் மேம்போக்கானது. சமுதாயச் சீரழிவு, உரிய திறப்பைக் கண்டதும் திறந்துகொள்ளும் பூட்டன்று. விளையாடுபவன் அதே தெருக்களில் நடக்கிறான், பத்திரிகை வாசிக்கிறான், நீதிமன்றத்தினுள் நுழைகிறான், கண்டவற்றைப் பதிவு செய்கிறான். ஒவ்வொரு தசாப்தத்திலும் அதே நகரம் மாறியிருக்கக் காண்கிறான். நாவல் வாசகன் ஆசிரியர் காட்டுவதையே காண்கிறான். இங்கோ எங்குச் செல்வது, எதைப் பதிவது என்பன விளையாடுபவனின் தெரிவுகள். சாட்சியாகும் பொறுப்பும் அவனுடையதாகிறது. புதிர்களை நீக்கியமை ஆசிரியரின் இயலாமையன்று. உள்ளடக்கம் வேண்டிநின்ற உருவமே அது.

இப்படைப்புக் குறையற்றது எனக் கூறுவதற்கில்லை. இறுதிப் பகுதியிற் செனற்றரின் மிரட்டல் ஒலிபரப்பப்பட்டதும் திட்டம் வீழ்கிறது. 2091இல் இன்பமயமான உலகொன்று காட்டப்படுகிறது. சீரழிவைச் சமூக சக்திகளின் விளைவாகக் காட்டிய ஆசிரியர், தனியொருவரை அம்பலப்படுத்துவதில் அதற்குத் தீர்வு கண்டமை பெருமுரண். தீர்க்கவேண்டிய புதிர்கள் திரும்பிவரும் இடமும் இதுவே என்பது மனங்கொள்ளத்தக்கது. குறைகூறுவோர் வேண்டிநிற்கும் அம்சம் மேலோங்கும் இடத்திலேயே படைப்பு நலிவுறுகிறது.

முன்னைய விளையாட்டின் விற்பனையை இது எட்டவில்லை. அது சந்தையின் தீர்ப்பு. நாவலும் திரைப்படமும் தோன்றிய காலத்தில் அவையும் கேளிக்கையென்றே ஒதுக்கப்பட்டன. அவ்வொதுக்கலின் தவற்றைப் பின்னர் உணர்ந்த கல்வியுலகம், புதியதொரு கலைவடிவத்தின் முன் சந்தையின் தீர்ப்பையே விமர்சனமென வழிமொழிதல் எங்ஙனம் தகும்?