மீன்பாசிக் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கெல்லாம் சுங்குவார்சத்திரம் கடைத்தெருவில் மீன் வந்து இறங்கிவிடும். ரோட்டோரம் நீலத் தார்ப்பாயை விரித்து, தெர்மாகோல் பெட்டியைக் கவிழ்த்து, கட்டையால் ஐஸைத் தட்டி உடைக்கும் சத்தம் கேட்கும். சங்கராவும் வஞ்சிரமும் காசிமேட்டிலிருந்து வந்தவை. கட்லாவும் ரோகும் ஆந்திரா லாரியில் வந்தவை. கம்பெனி வேலைக்கு வந்து அறையெடுத்துத் தங்கியிருக்கும் ஒடிசா, வங்காளப் பிள்ளைகள் அவற்றைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஓர் அலுமினிய அன்னக்கூடையில் கொஞ்சம் தண்ணீர், அதில் ஐந்தாறு விரால், இன்னும் உயிரோடு.

"ஏரி மீனாம்மா?"

"ஏரிதான் சார். துள்ளுது பாருங்க."

"எந்த ஏரி?"

அந்த அம்மாள் தராசைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏரின்னா ஏரிதான். வேணுமா, வேணாமா?"

வேண்டும் என்றேன். ஆனாலும் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. அந்தக் கடையிலிருந்து சிறிது தூரத்தில் செல்போன் செய்யும் ஆலை இருக்கிறது. அங்கே பொருத்தும் பாகம் ஒவ்வொன்றும் எந்தப் பெட்டியில் வந்தது, எந்த ஷிஃப்டில் ஏறியது என்று கம்ப்யூட்டர் சொல்லும். அரை கிலோ விராலுக்கு ஊர்ப்பெயர் கிடையாது.

மீனுக்கும் அப்படிக் கணக்கு வைக்கும் இடங்கள் உலகத்தில் உண்டு. அலாஸ்காவில் சால்மன் பிடிப்பவர்களில் ஒரு சாரார் வலை போடுவதில்லை. ஓடும் படகின் பின்னால் தூண்டில் கயிறுகளை இழுத்துக்கொண்டே போவார்கள். மீன் ஒன்றொன்றாக ஏறும். நம் விசைப்படகுகள் அடிமண்ணை வாரிக்கொண்டு இழுக்கும் மடிவலையோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆங்கிலத்தில் இரண்டின் பெயருக்கும் ஓரிரு எழுத்துத்தான் வித்தியாசம், கடலுக்குச் செய்வதிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அந்தத் தூண்டிலில் 28 அங்குலத்துக்குக் குறைந்த ராஜ சால்மன் சிக்கினால் திரும்பக் கடலில் விட வேண்டும். கரைக்கு வந்ததும் வாங்குகிறவர் ஒரு சீட்டு எழுதுவார்: எந்த இனம், எத்தனை எண்ணம், எத்தனை எடை, எந்தக் கடல் பகுதி, எந்தக் கருவி. குஞ்சுப் பண்ணையில் பிறந்த மீன்களில் ஒரு பகுதிக்கு மூக்குக் குருத்தெலும்புக்குள் பொடிக் கம்பித் துணுக்கைப் புதைத்து, அடையாளமாக முதுகின் பின்பக்கத்துச் சிறு துடுப்பையும் வெட்டி அனுப்பியிருப்பார்கள். துறைமுகத்தில் நிற்கும் ஆய்வாளர் அந்த மீனின் தலையை வாங்கிக்கொண்டு போய், துணுக்கில் உள்ள எண்ணைப் படித்து, இது எந்தப் பண்ணையில் எந்த ஆண்டு விட்ட குஞ்சு என்று சொல்லிவிடுவார். 1985-ல் அமெரிக்காவும் கனடாவும் செய்துகொண்ட பசிபிக் சால்மன் ஒப்பந்தத்தின்படி யாருக்கு எத்தனை மீன் என்ற பங்கீடு நடப்பது இப்படிச் சேர்ந்த கணக்கை வைத்துத்தான்.

கேட்கப் பொறாமையாக இருக்கிறது அல்லவா? கொஞ்சம் பொறுங்கள். அதே கரையில் தெற்கே கலிஃபோர்னியாவில் 2008, 2009 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும், மறுபடி 2023, 2024-லும் கடலில் தொழிலாகச் சால்மன் பிடிப்பதையே அடியோடு நிறுத்தினார்கள். மீனவன் சீட்டு எழுதாமல் ஏமாற்றியதால் அல்ல. சால்மன் முட்டையிட ஆற்றுக்கு ஏற வேண்டிய மீன். சாக்ரமெண்டோ ஆற்றில் அணை வழியை மறித்தது. நீர் பாதாம் தோப்புகளுக்கும் நகரங்களுக்கும் போனது. வறட்சி ஆண்டுகளில் எஞ்சி ஓடிய நீர் சூடேறி முட்டைகள் அழிந்தன. மீன் பிடித்தவனிடம் அங்குலக் கணக்கு வரை கேட்டாயிற்று. நீரை எடுத்தவனிடம் அந்தக் கறாரோடு கேட்டதாகத் தெரியவில்லை.

கணக்கு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதை யாரிடம் கேட்பது என்பதில்தான் வம்பு இருக்கிறது.

இந்தக் கேள்விக்கு நம் பக்கத்திலேயே ஒரு பழைய பதில் இருக்கிறது. சுங்குவார்சத்திரத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகத் தெற்கே போனால் உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்தில், பொது ஆண்டு 919-லும் 921-லும் அங்கே வெட்டிய கல்வெட்டுகளைக் குடவோலைக்காக எல்லோரும் பாராட்டுகிறார்கள். தேர்தல் வந்தால் மேடைக்கு மேடை அதுதான் பேச்சு. எனக்கு அதில் பிடித்தது வேறு. ஊர்ச் சபைக்கு ஏரி வாரியம் என்று ஒன்று இருந்தது, அதற்கு 6 பேர். எந்த வாரியத்தில் இருந்தவராயினும் முன்பு பொறுப்பு வகித்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி குடத்தில் பெயர் போட முடியாது. அவருடைய நெருங்கிய உறவுக்காரர்களுக்கும் அதே தடை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் கணக்குச் சுமை ஏறியது ஏரியைப் பராமரிக்கும் பொறுப்பை வாங்கியவர் தலையில். கெளுத்தி பிடித்தவனைக் கல்வெட்டு விரட்டவில்லை. அந்தச் சபை பிராமணர் சபை, சொத்தும் வேதப் படிப்பும் உள்ளவருக்கே அதில் இடம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏரியில் இறங்கி மீன் பிடித்தவர் பெயர் அந்தக் குடத்துக்குள் போயிருக்காது.

சோழர் காலக் கல்வெட்டுகளில் பாசிப்பாட்டம் என்றொரு வருவாய் வருகிறது. ஏரி குளத்தில் மீன் பிடிக்கும் உரிமைக்கான குத்தகைப் பணம். மீனில் வந்த காசை அந்த ஏரியின் பராமரிப்புக்கே ஒதுக்கிய ஊர்களும் உண்டு. அந்தப் பாசி இன்றும் நம் பஞ்சாயத்து ஆபீஸ் பேப்பரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது: மீன்பாசி குத்தகை. சொல் அப்படியே இருக்க, காசு போகும் வழிதான் மாறிவிட்டது. பஞ்சாயத்து ஏரியானால் ஊராட்சிக் கணக்கில் பொது வருவாயாக விழும். பெரிய ஏரியானால் அரசுக் கணக்குக்குப் போகும். ஏரிக்கு அது திரும்பி வந்ததா என்று கேட்டால் எழுத்தர் மேலே பார்ப்பார்.

வெள்ளைக்காரர் காலத்தை விரைவாகத் தாண்டலாம். சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே, ஊரூராகக் கேள்விகளை அனுப்பி, தாசில்தார்களின் பதில்களைத் திரட்டி, 1873-ல் நன்னீர் மீன்வளத்தைப் பற்றி அறிக்கை கொடுத்தார். சின்னக் கண்ணி வலையில் குஞ்சுகள் அழிகின்றன என்பது அவருடைய பெரிய புகார். 1897-ல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி வைத்தோ விஷம் கலந்தோ மீன் பிடித்தால் இரண்டு மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம். மீன் பிடிக்கவென்று விஷம் கலந்தவனை அந்தச் சட்டம் பிடிக்கும். மீனை நினைக்கவே நினைக்காமல் கழிவைத் திறந்துவிட்டவனை அது கண்டதில்லை. பிறகு 1907-ல் பிரெடரிக் நிக்கல்சன் முயற்சியில் சென்னை மாகாணத்துக்கு மீன்வளப் பணியகம் அமைந்தது.

சுதந்திரத்துக்குப் பின் ஏரிக்குள் புதிய குடிகள் வந்தன. இன்று எந்தக் கடையிலும் கிடைக்கும் ஜிலேபி 1952-ல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவந்தது. அதற்கு மறு ஆண்டு கேரளத்தின் நீண்டகரையில் நார்வே நாட்டுத் திட்டம் விசைப்படகைக் கொண்டுவந்து இறக்கியது. இறாலுக்கு வெளிநாட்டில் விலை ஏற ஏற மடிவலைப் படகுகள் பெருகின; கரையோரத்தில் கட்டுமரக்காரர் வலைகள் அறுந்தன. எழுபதுகளில் சென்னைக் கடற்கரை வரை அடிதடி, தீவைப்பு. 1976-ல் மத்திய அரசு மஜும்தார் குழுவை அமைத்தது; அதன் வழியில் 1983-ல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைல் நாட்டுப்படகுக்கு என்றது அது. விசைப்படகு அதற்கு அப்பால். விசைப்படகு காலை 5 மணிக்குமேல் கிளம்பி இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும் என்றும் விதித்தார்கள். 2001-ல் 45 நாளாகத் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் 2017-லிருந்து ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். சுருக்குமடி வலைக்கு 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த இடைக்கால அனுமதியைப் பாருங்கள்: 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை, படகில் இருப்பிடம் காட்டும் கருவியோடு. ஐரோப்பாவுக்கு மீன் போக வேண்டுமானால் 2010-லிருந்து பிடித்ததற்குச் சான்றிதழும் வேண்டும்.

இவற்றில் பல நல்ல விதிகள். தடைக்காலம் இல்லையென்றால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் வரிசையாகப் படித்துவிட்டு ஒன்றை யோசியுங்கள்: அத்தனையும் வலையைப் பிடித்திருப்பவன் கையைக் கட்டுபவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, வெறும் கையாலும் வாளியாலும் அதை அள்ளியவர்களும் அந்த மீனவர்களே. படகைக் கரையில் ஏற்றி வைக்க வேண்டியதாயிற்றும் அவர்களுக்குத்தான்.

நம் வட்டார ஏரிக்குத் திரும்புகிறேன். மீன்பாசி குத்தகை பெரும்பாலும் பசலிக் கணக்கு, ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். ஏலம் எடுத்தவர் குஞ்சு வாங்கி விடுவார், காவல் போடுவார், மாசி பங்குனியில் தண்ணீர் வற்றட்டும் என்று காத்திருப்பார். அதே மாசி பங்குனியில் கடைசிப் பயிருக்கு ஒரு நனைப்பு கிடைக்காதா என்று விவசாயியும் காத்திருப்பார். ராத்திரியில் மடை திறந்துகொள்ளும். காலையில் பஞ்சாயத்து கூடும். என் சிறுவயதில் இது வருடம் தவறாத சண்டை. இப்போது குறைந்துவிட்டது, சமாதானமானதால் அல்ல. பல ஏரிகளுக்குக் கீழே பயிரே இல்லை, பிளாட் கற்கள்தான். வரத்துக் கால்வாய்மேல் லாரி நிறுத்தம். போன கோடையில் ஓர் ஏரிக்கரையில் விடியற்காலை நடந்தேன். ஓரமெல்லாம் செத்த ஜிலேபி, வெள்ளை வயிறு மேலே தெரிய, கரையோடு ஒரு கோடு இழுத்ததுபோல. குத்தகைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குச்சியால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். "எதனால செத்துது அண்ணே?" என்றேன். "வெயிலுன்னு எழுதிக்கச் சொல்றாங்க" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சாகாமல் போகும் மீன் என்றால் அது ஜிலேபிதான் என்பது ஏரிக்கரையில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும்.

தெற்கே சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் இன்னும் ஒரு வழக்கம் இருக்கிறது. கோடையில் கண்மாய் வற்றினால் ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அதற்குமுன் ஒருவரும் இறங்கக் கூடாது. வீசியதும் ஊத்தா, கச்சா, வேட்டி என்று கையில் கிடைத்ததோடு ஊரே இறங்கும். பிடித்ததை வீட்டில் குழம்பு வைக்க வேண்டும், விற்கக் கூடாது. எழுதாத சட்டம், ஆனால் மீறியவர் மறுநாள் டீக்கடைக்கு வர முடியாது. இந்தத் தொழிற்சாலைச் சாலையில் அதைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று சொல்லும் அளவுக்கு நான் கனவு காண்பவன் அல்ல. இங்கே பாதிப் பேர் வாடகைக்கு இருப்பவர்கள். ஏரி அவர்களுக்குப் பஸ் ஜன்னலில் தெரியும் ஒரு வெளிச்சம்.

ஆனால் கிராம சபை இருக்கிறது. தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-லும் அது கூடுகிறது. பசலி முடிய மூன்று மாதம் இருக்கும் நேரம், ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்று கண்ணாலேயே பார்க்கலாம். தலைவரும் செயலரும் நீர்வளத்துறை ஆளும் வந்து உட்கார்ந்து ஏரி ஏரியாக வாசிக்கட்டும். இந்த ஆண்டு மீன்பாசி எவ்வளவுக்குப் போனது, அதில் இந்த ஏரிக்கு எத்தனை ரூபாய் திரும்பியது, கால்வாயில் எத்தனை அடி மூடியிருக்கிறது, யார் மூடியது, தண்ணீரை எடுத்துச் சோதித்தது எந்தத் தேதி, அதில் என்ன வந்தது. மீன் செத்த நாள் எது, அன்று காலை யாருக்குத் தகவல் போனது, அவர் எத்தனை மணிக்கு ஏரிக்கரைக்கு வந்தார்.