ஆட்டக்காரர் அடிமை அல்ல, கிளப் சத்திரமும் அல்ல

கால்பந்தாட்டப் போட்டி இப்போதெல்லாம் மைதானத்தோடு முடிவதில்லை. ஒப்பந்தக் காலம் முடியுமுன் வேறு அணிக்குத் தாவும் ஆட்டக்காரர், மாதக்கணக்கில் சம்பளம் கொடுக்காத கிளப், ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆளை விட மறுக்கும் நிர்வாகம் என்று கோர்ட் வாசலிலும் அது தொடர்கிறது. லட்சக்கணக்கில் சம்பாதிப்பவர்களின் சண்டை நமக்கு எதற்கு என்று ஆலைத் தொழிலாளியும் ஆபீஸ் குமாஸ்தாவும் இதை ஒதுக்கிவிட நினைக்கலாம். அப்படி ஒதுக்கக்கூடிய விஷயம் அல்ல இது. வேலையை விட்டுப் போகிறவருக்கு விடுவிப்பு உத்தரவு கொடுக்காமல் இழுத்தடிப்பதும், ஆட்டக்காரருக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுக்காமல் வீட்டில் உட்கார வைப்பதும் ஒன்றுதான். சம்பளம் வராத முதல் தேதி இருவருக்கும் ஒரே மாதிரிதான் விடிகிறது.

இந்தத் தகராறுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. தொழில்முறைக் கால்பந்தாட்டம் முதலில் வேரூன்றிய இங்கிலாந்தில், ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரரின் பதிவு கிளப்பின் கையில்தான் இருக்கும் என்ற விதி 1890-களிலிருந்தே அமலில் இருந்தது. கிளப் சம்மதித்தால்தான் அவர் வேறிடம் போகலாம். சம்மதிக்காவிட்டால் ஆட்டமும் இல்லை, சம்பளமும் நிச்சயமில்லை. போதாக்குறைக்கு, எவ்வளவு பெரிய ஆட்டக்காரரானாலும் வாரம் 20 பவுனுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்ற உச்சவரம்பு வேறு. ஜிம்மி ஹில் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தத்துக்குத் தயாரான பிறகே 1961 ஜனவரியில் அந்த உச்சவரம்பு போயிற்று. அதன் பின் புல்ஹாம் அணியின் ஜானி ஹெயின்சுக்கு வாரம் 100 பவுன் கிடைத்தது. சங்கமாகச் சேர்ந்து நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

உச்சவரம்பு போன பிறகும் பிடித்து வைக்கும் விதி போகவில்லை. நியூகாசில் அணியில் ஆடிய ஜார்ஜ் ஈஸ்தாம் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தார். கிளப் அவரை விடவும் மறுத்தது. பந்தை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டிய நிலை அவருக்கு வந்தது. பின்னர் அவர் ஆர்சனல் அணிக்கு மாற அனுமதி கிடைத்தாலும், வழக்கை அவர் கைவிடவில்லை. 1963-ல் நீதிபதி வில்பர்போர்ஸ், அந்த விதி ஒருவர் தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்று தீர்ப்பளித்தார்.

ஆனால் ஐரோப்பாவின் மற்றப் பகுதிகளில் அதே கதை நீடித்தது. பெல்ஜியத்தின் லியேஜ் கிளப்பில் ஆடிய ழான் மார்க் போஸ்மனின் ஒப்பந்தம் 1990 ஜூன் 30-ல் முடிந்தது. மாதம் 1,20,000 பிராங்க் வாங்கி வந்தவருக்கு, புதிய ஒப்பந்தத்தில் 30,000 பிராங்க்தான் என்றது கிளப். அதாவது நாலில் ஒரு பங்கு. அவர் மறுத்தார். உடனே அவரை விற்பனைப் பட்டியலில் வைத்து, விலையாக 1,17,43,000 பிராங்க் குறித்தார்கள். சம்பளம் என்று வரும்போது 30,000-க்கு மேல் பெறாதவர், விலை என்று வரும்போது ஒரு கோடிக்கு மேல் பெறுகிறார்! இந்தக் கணக்கின் நியாயத்தை எந்தக் குமாஸ்தாவும் ஒரு பார்வையில் புரிந்துகொள்வார்.

பிரான்சின் டன்கெர்க் கிளப் போஸ்மனை ஏற்க முன்வந்தது. ஆனால் அந்தக் கிளப்பால் பணம் கட்ட முடியுமா என்ற சந்தேகத்தில் லியேஜ் நிர்வாகம் மாற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவில்லை. பேரம் முறிந்தது. ஜூலை 31-ல் போஸ்மனைத் தற்காலிக நீக்கமும் செய்தது. ஒப்பந்தம் முடிந்தவரை, தானும் வைத்துக்கொள்ளாமல், பிறரிடமும் போகவிடாமல் நிறுத்தியதைப் பார்த்தால், வைக்கோல் போரில் படுத்த நாய் மாட்டையும் தின்னவிடாத கதைதான் நினைவுக்கு வருகிறது. போஸ்மன் கோர்ட்டுக்குப் போனார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 டிசம்பர் 15-ல், ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர், ஐரோப்பிய யூனியனுக்குள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டின் கிளப்புக்குப் போக விலை கேட்கக் கூடாது என்றது. அந்தத் தீர்ப்பால் பின்னால் வந்தவர்கள் கோடிக்கணக்கில் சம்பாதித்தார்கள். வழக்குப் போட்டவருடைய ஆட்ட வாழ்க்கை அதற்குள் முடிந்துவிட்டது. நியாயம் கிடைத்தது உண்மை. ஆனால் தாமதமாகக் கிடைத்த நியாயம் அதைத் தேடியவருக்கு உதவவில்லை.

ஒப்பந்தம் முடிந்தவரின் கதை அது. நடுவில் முறிந்த ஒப்பந்தத்தின் கதை வேறு. பிரெஞ்சு ஆட்டக்காரர் லசானா தியாரா 2013-ல் மாஸ்கோவின் லோகோமோடிவ் கிளப்பில் நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே தகராறு முற்றி ஒப்பந்தம் முறிந்தது. கிளப்புக்கு அவர் 1 கோடியே 5 லட்சம் யூரோ நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று உலகக் கால்பந்து சம்மேளனமான ஃபிஃபாவின் குழு உத்தரவிட்டது. பெல்ஜியத்தின் ஷார்லரோவா கிளப் அவரை எடுத்துக்கொள்ள விரும்பியது. ஆனால் புதிய கிளப்பும் சேர்ந்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்ற விதியும், தகராறு தீரும்வரை மாற்றுச் சான்றிதழ் இல்லை என்ற விதியும் குறுக்கே நின்றன. 2024 அக்டோபர் 4-ல் ஐரோப்பிய நீதிமன்றம் இந்த விதிகள் யூனியனின் சட்டத்துக்கு முரணானவை என்று கூறியது. ஒப்பந்தத்தை முறித்தவர் நஷ்டஈடே கொடுக்க வேண்டாம் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அந்தப் பாரத்தைக் காட்டி ஒருவரை வேறெங்கும் வேலைக்குச் சேர முடியாதபடி செய்யக் கூடாது என்றது. இதன் பேரில் ஃபிஃபா, 2025 ஜனவரியிலிருந்து இடைக்கால விதிகளைக் கொண்டுவர நேர்ந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பழைய நாட்களில் பெங்களூரில் இந்தத் தகராறுக்கே அதிகம் இடம் இருக்கவில்லை. ஏனென்றால் அன்றைய ஆட்டக்காரர் பலர் பொதுத்துறை ஆலைகளின் ஊழியர்கள். காலையில் பயிற்சி, பிறகு ஆபீஸ், மாதக் கடைசியில் சம்பளம், ஓய்வு பெற்றால் பி.எஃப். பணம். 1977-ல் நடந்த முதல் ஃபெடரேஷன் கோப்பையை வென்றது நம் ஊர் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையின் ஐ.டி.ஐ. அணிதான். கல்கத்தாவின் பெரிய கிளப்பான மோகன் பகானை அது தோற்கடித்தது. அந்த ஆட்டக்காரர்களுக்குக் கால் போனாலும் வேலை போகாது. நியமன உத்தரவுதான் அவர்களுடைய ஒப்பந்தம்.

கல்கத்தாவில் நிலைமை வேறு. அங்கே ஆண்டுதோறும் அணி மாறும் பருவம் ஒரு திருவிழா. கையெழுத்து நாள்வரை ஆட்டக்காரர்களை எதிரணியின் கண்ணில் படாமல் ஒளித்து வைத்த கதைகளை அங்கே பிழைக்கப் போன தமிழர்களும் கேட்டிருப்பார்கள். இப்போது ஆபீஸ் அணிகளின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. எங்கும் ஒப்பந்தக் காலம்தான். அல்சூரை அடுத்த கௌதமபுரத்தில், தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த தெருக்களுக்கு நடுவில், பெலேக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். அங்கே பந்து உதைக்கும் பையன் நாளை பெரிய ஆளானால் அவன் கையில் நியமன உத்தரவு இருக்காது. ஆங்கிலத்தில் அச்சடித்த ஒப்பந்தம்தான் இருக்கும்.

அந்தக் காகிதத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதை அண்மைச் சம்பவங்கள் காட்டுகின்றன. டெல்லி எஃப்.சி. கிளப்பிலிருந்து நீண்டகால இரவலில் மோகன் பகானில் ஆடிய அன்வர் அலி, 2024-ல் அந்த ஏற்பாட்டை முறித்துக்கொண்டு ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்தார். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் குழு, அவருக்கு நான்கு மாதத் தடை விதித்தது. அவரும் இரு கிளப்புகளும் சேர்ந்து மோகன் பகானுக்கு 12.90 கோடி ரூபாய் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. விவகாரம் டெல்லி ஐகோர்ட்டுக்குப் போனதும் அந்த உத்தரவு வாபஸ் பெறப்பட்டு, மீண்டும் விசாரணை என்றாயிற்று. யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஒருவருடைய பிழைப்பையே நிறுத்தும் உத்தரவு, கோர்ட்டின் முதல் பார்வையைத் தாங்க முடியாத நிலையில் இருந்தது என்பதுதான் கவலைக்குரியது.

அடுத்த ஆண்டு வந்தது இன்னும் பெரிய அடி. சம்மேளனத்துக்கும் இந்தியன் சூப்பர் லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையே 2010-ல் ஏற்பட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடியவிருந்தது. புதுப்பிக்கும் பேச்சு முடிவாகாததால், ஜூலையிலேயே லீக் போட்டி நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. தன் முதல் அணி ஆட்டக்காரர்கள், ஊழியர்களின் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்தியது. வருமானம் இல்லாமல் கிளப் எப்படி நடத்துவது என்று நிர்வாகம் கேட்டது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் இரண்டு பெரிய மனிதர்களின் பத்திரம் புதுப்பிக்கப்படாததற்கு, மூன்றாமவரான ஆட்டக்காரரின் அடுப்பு ஏன் அணைய வேண்டும்? அவருடைய ஒப்பந்தத்தில் அப்படி ஒரு ஷரத்து இருந்ததா? கதவடைப்பு என்ற சொல்லின் பொருளை ஆலைத் தொழிலாளிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவு, ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. கிரிக்கெட் ஆட்டக்காரர் ஜாகிர் கான் சம்பந்தப்பட்ட வழக்கில் 2006-ல் சுப்ரீம் கோர்ட், ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஒருவரைக் கட்டிப்போடும் ஷரத்து செல்லாது என்று உறுதி செய்தது. அதே சமயம் 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் அதே கோர்ட் மறுபக்கத்தையும் காட்டியது. மூன்று ஆண்டுகளுக்குள் வேலையை விட்டால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற ஷரத்தைக் கர்நாடக ஐகோர்ட் ரத்துச் செய்திருந்தது. சுப்ரீம் கோர்ட் அந்த ஷரத்து செல்லும் என்றது. வங்கிகளில் வேலை பார்க்கும் குமாஸ்தாக்கள் இந்தத் தீர்ப்பை அறிந்து வைத்திருப்பது நல்லது. ஆக, லியேஜிலும் டெல்லியிலும் கோட்பாடு ஒன்றுதான். காலம் முடியும்வரை கையெழுத்து கட்டுப்படுத்தும். முடிந்த மறுநாள் மனிதன் சுதந்திரமானவன்.

இந்தக் கோட்பாடு ஆட்டக்காரரையும் சேர்த்துத்தான் கட்டுப்படுத்துகிறது. இரண்டு கிளப்பில் முன்பணம் வாங்குவதும், அதிக விலை வந்தவுடன் பாதிப் பருவத்தில் மூட்டை கட்டுவதும் நியாயம் ஆகாது. கிளப் என்பது இரவு தங்கிவிட்டுப் போகும் சத்திரம் அல்ல. சிறுவயதில் ஒருவனுக்குப் பூட்சும் சாப்பாடும் கொடுத்து வளர்த்த சிறிய கிளப்புக்கு அவன் மேல் ஒரு பாத்தியதை உண்டு. அதனால்தான் ஃபிஃபா 2001-ம் ஆண்டு விதிகளில் பயிற்சிக்கான ஈட்டுத்தொகையும், மாற்று விலையில் 5 சதவீதம் வளர்த்த கிளப்புகளுக்கு என்ற ஏற்பாடும் வந்தன. வளர்த்தவருக்குப் பங்கு கொடுக்கலாம். வளர்த்த காரணத்தால் பூட்டி வைக்கக் கூடாது.

ஃபிஃபாவின் விதியில் ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. இரண்டு மாதச் சம்பளம் நிலுவையில் இருந்தால், எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து 15 நாள் அவகாசம் தந்து, பிறகும் வராவிட்டால் தக்க காரணத்தோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். 2018 முதல் இது அமலில் இருக்கிறது. கோபித்துக்கொண்டு வெளியேறுகிறவர் வழக்கில் தோற்பார். நோட்டீஸ் கொடுத்து வெளியேறுகிறவருக்கு விதி துணை நிற்கும்.

செய்ய வேண்டியவை தெளிவாகவே தெரிகின்றன. பருவம் தொடங்குமுன் ஒவ்வொரு கிளப்பும் சம்பளத்துக்கு ஈடாக வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும். ஒப்பந்தத்தின் சாரம் ஆட்டக்காரருக்குத் தெரிந்த மொழியில் எழுதித் தரப்பட வேண்டும். தகராறைத் தீர்க்கும் குழு சம்மேளனத்துக்கும் கிளப்புகளுக்கும் சார்பில்லாததாக இருந்து, காரணம் கூறி, பருவம் முடியுமுன் உத்தரவிட வேண்டும். 2025-ல் நிறைவேறிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் தேசிய விளையாட்டுத் தீர்ப்பாயத்துக்கு வழி செய்திருக்கிறது. சம்பளம் வராத சாதாரண ஆட்டக்காரர் வக்கீல் செலவுக்குப் பயப்படாமல் நியாயம் கேட்கும் வழியையும் அரசு உண்டாக்க வேண்டும். 2006-ல் பைச்சுங் பூட்டியா தலைமையில் தொடங்கிய ஆட்டக்காரர் சங்கத்தில் பெரிய நட்சத்திரங்கள் மட்டுமல்ல, இரண்டாம் மூன்றாம் வரிசை ஆட்டக்காரர்களும் சேர வேண்டும். 1961-ல் இங்கிலாந்தில் பலித்தது சங்கத்தின் பலம்தான்.

ஆட்டக்காரரின் தொழில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுதான். அதில் ஒரு பருவம் தகராறில் போனால், ஒரு குமாஸ்தாவுக்கு மூன்று ஆண்டுச் சர்வீஸ் போனதற்குச் சமம். அந்த இழப்பை எந்த நஷ்டஈடும் திருப்பித் தராது. கையெழுத்துப் போட்டவர் அதற்குக் கட்டுப்பட வேண்டும். கையெழுத்து வாங்கியவரும் கட்டுப்பட வேண்டும். முதல் பாதியை மட்டும் அமல்படுத்துவது ஒப்பந்தம் ஆகாது, கொத்தடிமை முறைதான்.